காங்கேயம் காளையின் கோபம்... ரத்தத்தில் வருதா, பழக்கத்தில் வருதா?

காங்கேயம் கன்றுகளில் பெரும்பாலானவை பிறக்கும்போது செவலை நிறத்தில்தான் இருக்கும். தாய்ப் பசுவோ வெள்ளை, காளையோ மயிலை. ‘கன்று மட்டும் ஏன் செங்கல் கலர்ல இருக்கு?’ என்று முதல்முறை பார்ப்பவர்கள் குழம்பிப்போவார்கள். சுமார் ஆறு மாதத்தில் அந்தச் செம்மை போய் சாம்பல் நிறம் வந்துவிடும். காளையாக வளர்ந்தால் திமில், கழுத்து, தொடைப் பக்கமெல்லாம் கறுப்பேறும். காயடித்து எருதாக்கினால் அந்தக் கறுப்பு வெளிறிவிடும்.

ஒரே மாடு, அதே ஜீன்கள். ஆனா வயசும் ஹார்மோனும் மாற மாற, நிறமும் மாறுது. ஜீன் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நம்ம ஊரிலேயே இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஜீன் இருந்தால் மட்டும் போதாது, அது எப்போது விழிக்கிறது, எப்போது தூங்குகிறது என்பதும் முக்கியம்.

நிறத்துக்கே இந்தக் கதை என்றால், குணத்துக்கு?

பொங்கல் சீசன் வந்தாலே ‘ரத்தத்திலேயே ஊறுன வீரம்’ என்று ரீல்ஸ் வரிசைகட்டும். அதில் பாதி உண்மை இருக்கிறது. 1959-ல் ரஷ்ய விஞ்ஞானி திமித்ரி பெல்யாயெவ் சைபீரியாவில் ஒரு ஆய்வைத் தொடங்கினார். மனிதரைக் கண்டு மிரளாத நரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ய வைத்தார். சில தலைமுறைகளிலேயே நாய் மாதிரி வாலாட்டும் நரிகள் பிறந்தன. ஆக, குணமும் வாரிசாக வரும். பழையகோட்டை பட்டக்காரர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காங்கேயம் மாடுகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்ததும் இந்த நம்பிக்கையில்தான்.

மீதிப் பாதியை ரீல்ஸ் சொல்வதில்லை. ஏ2 பால் விஷயத்தில் பீட்டா கேசின் புரதத்தின் 67-வது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். அதைத் தீர்மானிப்பது ஒரு ஜீன். (அதை வைத்து விற்கிற விலை வேற கதை!) கோபம், மிரட்சி, அமைதி எல்லாம் அப்படி இல்லை. பல ஜீன்கள் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போடும். மாடுகளின் குணம் பற்றிய ஆய்வுகளில் மாட்டுக்கு மாடு தெரியும் வித்தியாசத்தில் ஜீனின் பங்கு பெரும்பாலும் பாதிக்கும் கீழேதான். மிச்சம் கன்றாக இருக்கும்போது யார் தொட்டார்கள், எப்படிப் பழக்கினார்கள் என்பதில் இருக்கிறது. செட்டிபாளையம் வாடிவாசலில் சீறுகிற காளை, வீட்டில் சின்னப் பையன் கயிறு பிடித்தால் பின்னாலேயே போவது அதனால்தான். ‘அவன் ரத்தமே அப்படி’ என்று மனுசங்களைப் பேசுகிறவர்களும் ஒருதடவை அந்தப் பையனைப் பார்க்கலாம்.

இப்போது கவலைக்குரிய விஷயத்துக்கு வருவோம். டிராக்டரும் மோட்டார் பம்பும் வந்தபிறகு எருதுக்கு வேலை குறைந்தது. காங்கேயம் பசு நாளுக்கு இரண்டு, மூன்று லிட்டர்தான் கறக்கும். அதனால் கலப்பினம் தொழுவத்துக்குள் வந்தது. காளைக்கன்று பிறந்தால் வைத்து வளர்க்க யாருக்கும் கட்டுபடியாகவில்லை. ‘அதான் உறைவிந்து இருக்கே’ என்று சமாதானம் சொல்கிறார்கள். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் விந்தைப் பத்திரமாக வைக்கலாம், சரி. ஆனால் பேரெடுத்த ஒரே காளையின் விந்து ஆயிரக்கணக்கான பசுக்களுக்குப் போனால், அடுத்த தலைமுறை முழுக்க அண்ணன் தங்கைகள். அதுகளுக்குள்ளேயே சேர்க்கை நடந்தால், மறைந்திருக்கும் குறைபாடுகள் வெளியே வரும். ஸ்டார் காளை மோகத்தில் எனக்குப் பிடிக்காத விஷயம் இதுதான்.

ஊருக்கு ஊர் வேறு வேறு பூச்சிக்காளை இருந்தபோது இந்தப் பிரச்சினை இல்லை. அவை மேய்ந்தது கொரங்காட்டில்: கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். மழை குறைந்த வருஷத்திலும் அந்தப் புல்லைத் தின்று தாக்குப்பிடித்த மாடுகள்தான் அடுத்த கன்றை ஈன்றன. அந்தக் கொரங்காடு சைட்டாகிவிட்டால், வறட்சி தாங்கும் மாட்டைப் பிரித்துக் காட்ட எந்த லேபும் இல்லை. அரசு மானியம் தர நினைத்தால், முதலில் கொரங்காட்டை அப்படியே விட்டுவைக்கிற விவசாயிக்கும், காளைக்கன்றை விற்காமல் வளர்க்கிறவருக்கும் தரட்டும். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் பூச்சிக்காளைக் கன்றுகளை எத்தனை பேர் வளர்க்க வாங்கிப் போகிறார்கள் என்பதையும் வருஷாவருஷம் எண்ணிப் பார்க்கட்டும்.