பால் நுரைக்கும் தொழிலும் நமது சங்கமும்

விருத்தாசலம் சந்திப்பில் திருச்சி, சேலம், கடலூர் ஆகிய திக்குகளுக்குச் செல்லும் பயணிகள் வண்டி மாறுகின்றனர். அவர்களுக்கும், பீங்கான் தொழிற்பேட்டைக்குச் சரக்கெடுக்க வரும் வியாபாரிகளுக்கும் பயன்படுமாறு சங்கத்தின் சார்பில் எஸ்பிரஸோ காப்பிக் கடை ஒன்று திறக்கலாம் என்னும் யோசனை அங்கத்தினர்களிடையே சில காலமாகப் பேசப்பட்டு வருகிறது. கடன் பெற்று வெளிநாட்டு இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் கடை தானே நடக்கும் என்பது யோசனை கூறுவோரின் எண்ணம். கடை வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. இயந்திரத்தை முதலிலும், அதைக் கையாளும் ஆளைக் கடைசியிலும் வைத்து எண்ணுவதிலேதான் நாம் மாறுபடுகிறோம்.

எஸ்பிரஸோ காப்பி என்ற பெயர் நமக்குப் புதியதன்று. கல்யாண மண்டபங்களிலும் பொருட்காட்சிகளிலும் பளபளக்கும் கொதிகலனோடு ஓர் இயந்திரம் நிற்கும். பாலையும் சர்க்கரையையும் கரையும் காப்பித் தூளையும் ஒன்றாகக் கலந்து, அதில் குழலை விட்டு நீராவியைத் திறப்பார்கள். பந்தல் அதிரும்படி ஓசை எழும். மேலே சிறிது தூளைத் தூவிக் கொடுப்பார்கள். சிறுவர்கள் அந்த ஓசைக்காகவே வரிசையில் நிற்பார்கள். அக்காப்பியை நாமும் விரும்பிக் குடித்திருக்கிறோம், குறை கூறவில்லை. ஆனால் அங்கே பெயர் வந்ததே ஒழியப் பொருள் வரவில்லை. எஸ்பிரஸோ என்பது இத்தாலியில் தோன்றிய முறை. 1884-ல் டூரின் நகரத்து ஆஞ்செலோ மோரியோந்தோ நீராவியால் காப்பி இறக்கும் பொறிக்கு உரிமை பெற்றார். 1901-ல் மிலான் நகரத்து லூயிஜி பெட்சேரா அதைத் திருத்தினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அக்கீல் காஜியாவின் நெம்புகோல் இயந்திரம் வந்தது. 1961-ல் ஃபயேமா நிறுவனத்தார் மின்சாரப் பம்பு வைத்த இயந்திரத்தைக் கொண்டு வந்தனர். நுண்ணிதாக அரைத்த தூள் 18 கிராமை வடிகட்டிக் கிண்ணத்தில் அமுக்கி, 90 முதல் 96 டிகிரி வரை சூடான நீரை, காற்று மண்டல அழுத்தத்தைப் போல் ஒன்பது மடங்கு அழுத்தத்தில் செலுத்தினால், 25 அல்லது 30 வினாடியில் ஏறத்தாழ 36 கிராம் கெட்டியான சாறு இறங்கும். அச்சாறுதான் எஸ்பிரஸோ. நீராவியின் வேலை பாலோடு மட்டுமே.

சாறு இறக்கும் பகுதியைப் பம்பும் அரைவைப் பொறியும் பெரும்பாலும் பார்த்துக்கொள்கின்றன. பாலை நுரைக்கும் பகுதியையோ இன்றும் கைதான் செய்கிறது. வாடிக்கையாளர் நாவில் முதலில் படுவதும் அந்தப் பால்தான். ஆகவே அத்தொழிலின் நுட்பத்தை அங்கத்தினர்கள் சற்று விரிவாக அறிந்துகொள்வது நலம்.

குளிர்ந்த பாலை மூக்குள்ள எவர்சில்வர் குவளையில் மூக்கின் அடிவரை மட்டுமே எடுக்க வேண்டும். குழலை முதலில் வெளியே திறந்து, அதில் தேங்கிய நீரை வெளியேற்ற வேண்டும். பின்னர்க் குழலின் நுனி பாலின் மேற்பரப்பிற்கு மயிரிழை கீழே, நடுவிலிருந்து சற்று ஒதுங்கி நிற்கும்படி பிடித்து நீராவியை முழுவதும் திறக்க வேண்டும். அப்பொழுது எழவேண்டிய ஓசை நெசவாளருக்கு நன்கு தெரிந்த ஓசை: புதுத் துணியைச் சிறுகச் சிறுகக் கிழிப்பது போல் இருக்கும். அவ்வோசை எழும் சில வினாடிகளில்தான் காற்று பாலுக்குள் நுழைகிறது. குவளை கைச்சூட்டை அடைந்தவுடன் நுனியைச் சற்று அமிழ்த்திவிட வேண்டும். இனிக் காற்று புகலாகாது, பால் சுழலவேண்டும். ஆற்றுச் சுழி போல் பால் தன்னைத்தானே மடித்துக்கொண்டு சுழலும்போது பெரிய குமிழிகள் உடைந்து கண்ணுக்குத் தெரியாத சிறு குமிழிகளாகும். குவளையைக் கையால் தாங்க முடியாத சூடு வந்தவுடன், அதாவது 60 முதல் 65 டிகிரிக்குள், நீராவியை மூடிவிட வேண்டும். நன்றாக நுரைத்த பால் புதிதாகப் பூசிய வண்ணம் போல் மினுங்கும். பாலும் நுரையும் வேறு வேறாகப் பிரிந்து நில்லாமல் ஒன்றாகவே கோப்பையில் இறங்கும்.

இரைச்சல் மிகுந்தால் காப்பி நன்று என்னும் கல்யாணப் பந்தல் பழக்கம் இங்கே உதவாது. காரணத்தைக் கணக்காகவே காட்டலாம். குழலிலிருந்து வரும் நீராவி பாலுக்குள் நீராக மாறியே தன் வெப்பத்தைக் கொடுக்கிறது. ஒரு கிராம் நீராவி அவ்வாறு மாறும்போது 540 கலோரி வெளிப்படும். 5 டிகிரியில் உள்ள 150 கிராம் பாலை 65 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 15 கிராம் நீராவி வேண்டும். அந்த 15 கிராமும் நீராய்ப் பாலிலேயே தங்கிவிடும். அதே பாலை 95 டிகிரி வரை கொதிக்கவிட்டால் 23 கிராம் நீர் சேர்ந்துவிடும். குழலில் தேங்கிய நீரை வெளியேற்றாத சோம்பலையும் கூட்டிக்கொண்டால் கணக்கு இன்னும் மோசமாகும். பாலில் தண்ணீர் கலப்பவரைப் பால் சங்கத்தில் விட்டுவைக்கிறோமா? அறியாத கை அதையே நம் கண்முன், பெருத்த ஓசையுடன் செய்கிறது. அன்றியும் 70 டிகிரியைத் தாண்டினால் நுரையைத் தாங்கும் பால் புரதங்கள் குலைகின்றன. இனிப்பு மங்கி, காய்ந்த பால் வாடை மேலெழுகிறது. ஒருமுறை சூடாக்கிய பாலை மறுபடியும் நுரைத்தால் நுரை நிற்பதில்லை.

இங்கு மாடு வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கு இரண்டு செய்திகள் சொல்லவேண்டும். முதலாவது, கறந்த பாலை அப்படியே 65 டிகிரிக்கு நுரைத்துக் கொடுப்பது தவறு. நோய்க் கிருமிகளை அழிக்க அந்தச் சில வினாடிச் சூடு போதாது. முறைப்படி 72 டிகிரியில் 15 வினாடி வைத்துப் பதப்படுத்திக் குளிர்வித்த பாலையே கடையில் பயன்படுத்த வேண்டும். அவ்வசதி இல்லாத இடத்தில் பாலைக் காய்ச்சிக் குளிர்வித்த பின்பே குழலுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது, நுரை நிற்பதும் நில்லாததும் தொழுவத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது. கறந்த பால் வெயிலில் காத்திருந்தாலும், வண்டியில் ஓயாமல் குலுங்கினாலும், அதிலுள்ள கொழுப்பு சிதைந்து சிக்கு வாடை தொடங்குகிறது. அத்தகைய பால் எந்த இயந்திரத்திலும் நுரைக்காது. கொழுப்பு 3 சதவீதமுள்ள சமன்படுத்திய பால் எளிதில் நுரைக்கும்; 4.5 சதவீதமுள்ள நிலைப்படுத்திய பால் வாய்க்கு நிறைவாக இருக்கும். 6 சதவீதமுள்ள முழுக் கொழுப்புப் பால் கனக்கும், புதிய கைக்கு அடங்குவதும் கடினம். கடை எதுவாயினும் ஒரே வகைப் பாலை நாள்தோறும் வாங்குவதே தொழில் கற்பவருக்கு நல்லது.

“டபராவில் ஆற்றிக் கொடுக்கும் ஃபில்டர் காப்பி இருக்க, இது எதற்கு?” என்று முதியவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஃபில்டர் காப்பி தனி வகை. காய்ச்சிய பாலின் மணமும் சிக்கரியின் கெட்டித்தன்மையும் அதற்கு அழகு. அதை அகற்றிவிட்டு இதை வைக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இரண்டும் ஒரே கடையில் இருக்கலாம். உண்மையில் ஒரு முழ உயரத்தில் ஆற்றுகிற கையும் பாலுக்குள் காற்றைத்தான் ஏற்றுகிறது. அங்கே குமிழி பெரிது, விரைவில் அடங்கும். இங்கே குமிழி சிறிது, நின்று நிலைக்கும். ஆற்றத் தெரிந்த காப்பி மாஸ்டர் ஒருவருக்குப் பாலின் சூடும் ஓட்டமும் ஏற்கெனவே கையில் பழகியவை. நகரங்களில் பாரிஸ்டா என்று பெயர் சூட்டி அழைக்கும் வேலைக்கு அவரைவிடத் தகுந்தவர் யார்? அங்கத்தினர்களின் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கண்ணாடிக் கதவுள்ள கடைகளில் இதே வேலையைக் கற்றுக்கொண்டு, அங்கேயே கூலிக்கு நிற்கின்றனர். கற்ற கையை ஊருக்கு அழைக்க நம்மிடம் இடம் இருந்ததில்லை என்பதே நமது வருத்தம்.

காப்பிக் கடை நடத்துவது கூட்டுறவாளருக்கு அயலான காரியமும் அன்று. காப்பி வாரியத்தார் நடத்திவந்த காப்பி ஹவுஸ்கள் 1950-களின் நடுவில் மூடப்பட்டபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ. கே. கோபாலன் அவர்களின் தூண்டுதலால் தாங்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டனர். முதற் சங்கம் 1957 ஆகஸ்டில் பெங்களூரில் தோன்றியது. அவ்வாண்டு அக்டோபரில் டெல்லியில் கடை திறந்தது. அடுத்த ஆண்டு திருச்சூருக்குப் பரவியது. நமக்கு அண்மையில் உள்ள புதுச்சேரியிலும் இந்தியன் காபி ஹவுஸ் எழுந்தது. அத்தொழிலாளர்களிடம் அன்று மூலதனம் என்று சொல்லத்தக்கதாக என்ன இருந்தது? காப்பி போடவும் பரிமாறவும் தெரிந்த கைகள் இருந்தன. நாம் இப்பொழுது எண்ணுவதோ அதன் தலைகீழ்: பல லட்சம் ரூபாய் இயந்திரம் முதலில், தொழில் தெரிந்த கை பிறகு.

இனிக் கோப்பையைப் பற்றி. இதில் நமது ஊருக்கு இருக்கும் உரிமை வேறெந்த ஊருக்கும் எளிதில் வாராது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் நிலையம் இருக்கிறது, சூளைகள் இருக்கின்றன, பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றி வார்க்கும் கைகள் வீதிதோறும் இருக்கின்றன. ஆயினும் அக்கைகள் பெரும்பாலும் பொம்மையும் அகல் விளக்கும் ஃபியூஸ் கட்டையும் செய்து, மலிந்த விலைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. பொம்மை வார்க்கும் அதே முறையில் கோப்பையும் வார்க்கலாம். ஆனால் பொம்மைக்குச் செல்லும் மெத்தனம் கோப்பைக்குச் செல்லாது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம். கோப்பையின் மண் நீர் உறிஞ்சாதபடி சூளையில் நன்கு வெந்து இறுகியிருக்க வேண்டும். கிளேஸ் ஈயமும் காட்மியமும் அற்றதாக, சோதனை செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். மண்ணும் கிளேஸும் ஒரே அளவில் சுருங்காவிட்டால் மேற்பூச்சில் மயிரிழை வெடிப்பு விழும். அதில் பால் புகுந்து நாறும். வடிவமோ எளிது: 150 முதல் 180 மில்லி கொள்ளளவு, சூட்டைப் பிடித்துவைக்கும் தடித்த சுவர், பால் சுழன்று இறங்கும்படி உள்ளே மூலையில்லாத வட்ட அடி, இரு விரல் நுழையும் காது. ஊற்றுமுன் கோப்பையைச் சுடுநீரில் வைத்தெடுத்தால் காப்பி விரைவில் ஆறாது.

நெசவாளர்களுக்கும் இதில் சிறு பங்கு உண்டு. நீராவிக் குழலை ஒவ்வொரு முறையும் ஈரத் துணியால் துடைத்து, மறுபடி ஒரு கணம் நீராவியைத் திறந்துவிட வேண்டும். இல்லையேல் பால் குழலில் காய்ந்து ஒட்டி, துளையை அடைத்து, கிருமிக்கு இடமாகும். குழலுக்கு ஒரு துணி, மேசைக்கு ஒன்று, கோப்பைக்கு ஒன்று எனத் தனித்தனியே வைத்து, ஒன்றுக்குரியதை மற்றொன்றுக்கு எடுக்கலாகாது. நீரை நன்கு உறிஞ்சும் தடித்த பருத்தித் துண்டே இதற்கு ஏற்றது. மூன்று வேறு நிறக் கரையிட்டு நமது தறியிலேயே நெய்துவிட்டால் பரபரப்பான வேளையிலும் துணி மாறாது.

இயந்திரத்தை நாம் இகழவில்லை. வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது என்பதே கேள்வி. இரு தலை இயந்திரம் தொடக்கத்தில் வேண்டியதில்லை. ஒரு தலை போதும். மிச்சமாகும் பணத்தை நல்ல அரைவைப் பொறிக்குச் செலவிட வேண்டும், ஏனெனில் தூள் சீராக இல்லாவிடில் விலையுயர்ந்த இயந்திரமும் கசப்பையே இறக்கும். நீராவிக் கொதிகலன் அழுத்தத்தோடு கூடியது; அழுத்தமானியும் பாதுகாப்பு வால்வும் இல்லாத பழைய சரக்கை மலிவு கருதி வாங்குவது உயிருக்குக் கேடு. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்பு நீரை அப்படியே ஊற்றினால் உள்ளே சுண்ணம் படிந்து சூடேற்றும் கம்பி கெடும். நீர் மென்மையாக்கும் கருவியும் கணக்கில் சேரவேண்டும். பழுது பார்ப்பவர் எந்த ஊரிலிருந்து வருவார், எத்தனை நாளில் வருவார் என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆகவே பொதுக்குழுவில் இவ்விஷயம் இரண்டு தீர்மானங்களாகப் பிரித்து வைக்கப்பட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். முதல் தீர்மானத்தின்படி அங்கத்தினர் குடும்பத்தைச் சேர்ந்த இருவரை, கூடுமானால் ஒருவர் பெண்ணாக, நகரத்துக் கடையொன்றில் சங்கச் செலவில் தொழில் கற்க அனுப்பலாம். அதே காலத்தில் உள்ளூர்ச் சூளையில் மாதிரிக் கோப்பைகளை வார்த்துச் சோதனைக்குக் கொடுக்கலாம். கடன் கேட்கும் இரண்டாவது தீர்மானம் அவ்விருவரும் திரும்பிவந்த பின் வரட்டும். எந்த இயந்திரம் வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும். பயிற்சியில் பால் மிகுதியாக வீணாகும் என்று தணிக்கையாளர் அஞ்ச வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஒரு துளி சோப்பு கலந்த குளிர்ந்த நீரை வைத்தே சுழற்றிப் பழகலாம். அது பாலைப் போலவே நுரைக்கும். அதன் பிறகு செலவாகும் பாலை நஷ்டக் கணக்கில் எழுதாமல், தறி கற்பவனுக்குக் கொடுக்கும் நூலைப் போல், பயிற்சிக் கணக்கில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம்.