குளியலறையில் ராஜாங்க ரகசியம்

2023 ஜூன் மாதம் அமெரிக்க சர்க்கார் கோர்ட்டில் தாக்கல் செய்த ஒரு குற்றப்பத்திரிகையில் ஒரு போட்டோ இருக்கிறது. குளியலறை ஒன்று. மேலே சரவிளக்கு; கீழே கழிப்பீங்கான்; அதன் பக்கத்திலேயே அடுக்கடுக்காக அட்டைப்பெட்டிகள். இடம், ஃபுளோரிடாவில் டொனால்ட் டிரம்ப்பின் மார்-ஆ-லாகோ மாளிகை. 2021 ஜனவரியில் முதல் முறை ஜனாதிபதிப் பதவியை விட்டு இறங்கியபோது அவர் வெள்ளை மாளிகையிலிருந்து கொண்டுபோன பெட்டிகள் அவை. ராணுவ ரகசியங்களும், அணு ஆயுதத் தகவல்களும்கூட அந்தக் காகிதங்களோடு கலந்து கிடந்தன என்பது சர்க்கார் தரப்புக் குற்றச்சாட்டு. அந்த மாளிகை வெறும் வீடுமல்ல. பணக்காரர்கள் சந்தா கட்டி விருந்துண்ண வரும் கிளப்!

ஜனாதிபதியின் அலுவல் காகிதங்கள் ஜனாதிபதியின் சொத்தல்ல, நாட்டின் சொத்து என்று 1978-லேயே அங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள். நிக்ஸன் செய்த அட்டூழியத்திற்குப் பிறகு வந்த சட்டம் அது. அதன்படி ஆவணக் காப்பகத்தார் டிரம்ப்பிடம் கேட்டார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஓராண்டு கழித்து, 2022 ஜனவரியில் 15 பெட்டிகள் வந்தன. திறந்தால் ரகசிய முத்திரை குத்திய தஸ்தாவேஜுகள் 197. சம்மன் அனுப்பிய பிறகு ஜூனில் இன்னும் 38 வந்தன. தேடிப் பார்த்துவிட்டோம், இனி ஒன்றுமில்லை என்று டிரம்ப் தரப்பில் எழுதியும் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 8-ந் தேதி எஃப்.பி.ஐ. போலீஸார் உள்ளே புகுந்து சோதனை போட்டபோது மேலும் 102 அகப்பட்டன! வக்கீல் வந்து தேடுமுன் பெட்டிகளை இடம் மாற்றச் சொன்னார், காமிராப் பதிவை அழிக்கப் பார்த்தார் என்றெல்லாம் குற்றச்சாட்டுகள் சேர்ந்து மொத்தம் 40 ஆயின. டிரம்ப் எல்லாவற்றையும் மறுத்தார். ஜனாதிபதி மனதிற்குள் நினைத்தாலே போதும், ரகசியம் ரகசியமல்லாமல் போய்விடும் என்று டெலிவிஷனிலும் சொன்னார்.

ஷிப்டு விட்டு வரும் தொழிலாளியின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்க்கும் மில் வாட்ச்மேனை நமக்குத் தெரியும். ஒரு பிடி கழிவுப் பஞ்சு கிடைத்தால் சார்ஜ் ஷீட், சஸ்பென்ஷன், டிஸ்மிஸ். "இது என்னுடையது என்று மனதிற்குள் நினைத்துக்கொண்டேன்" என்று அந்தத் தொழிலாளி விசாரணையில் சொன்னால் மானேஜர் என்ன பதில் சொல்வார் என்பதைத் தோழர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவிலும் அதே கதைதான். டிரம்ப் மீது குற்றப்பத்திரிகை வந்த அதே 2023 ஜூன் மாதத்தில் வேறு இரண்டு தீர்ப்புகள் வந்தன. விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு லெப்டினண்ட் கர்னல் 300-க்கு மேற்பட்ட ரகசியக் கோப்புகளை வீட்டில் வைத்திருந்தார் என்று டாம்பா நகரக் கோர்ட் அவருக்கு 3 ஆண்டு சிறை விதித்தது. டாம்பா இருப்பதும் அதே ஃபுளோரிடாவில்தான். கான்சாஸ் நகரில் எஃப்.பி.ஐ. அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண் ஊழியருக்கு 386 தஸ்தாவேஜுகளை வீட்டில் வைத்திருந்ததற்காக 3 ஆண்டு 10 மாதம். இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். இருவரும் சிறை சென்றார்கள்.

அதற்கு முன், 2018-ல், ரியாலிட்டி வின்னர் என்ற இளம்பெண்ணுக்கு 5 ஆண்டு 3 மாதம் போட்டார்கள். பெட்டி பெட்டியாக அல்ல, ஒரே ஒரு அறிக்கையைப் பத்திரிகைக்கு அனுப்பியதற்காக. அதில் இருந்தது என்ன? அமெரிக்கத் தேர்தலில் ரஷ்ய உளவுத்துறை தலையிட முயன்ற விவரம். எந்த ஜனங்கள் ஓட்டுப் போட்டார்களோ அந்த ஜனங்களுக்குத் தெரிய வேண்டிய சங்கதி. அது ரகசியமாம்!

இது டிரம்ப் ஒருவரின் சங்கதி, அவருடைய ரிபப்ளிகன் கட்சியின் சங்கதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். டெமாக்ரட் கட்சியைச் சேர்ந்த பைடன் உபஜனாதிபதியாக இருந்த காலத்து ரகசியக் காகிதங்கள் அவருடைய பழைய அலுவலகத்திலும், வில்மிங்டன் வீட்டுக் கார் ஷெட்டிலும் அகப்பட்டன. தெரிந்தே வைத்திருந்ததற்குச் சாட்சியம் உண்டு, ஆனால் தண்டனை வாங்கித் தர அது போதாது, ஞாபகமறதியுள்ள முதியவர் என்று ஜூரிகள் இரக்கப்படுவார்கள் என 2024 பிப்ரவரியில் விசாரணை அதிகாரி எழுதி வழக்கை முடித்தார். டிரம்ப்பின் உபஜனாதிபதி பென்ஸ் வீட்டிலும் சில காகிதங்கள் இருந்தன. அவர் மீதும் வழக்கில்லை. பைடனும் பென்ஸும் தாங்களே தகவல் கொடுத்துக் காகிதங்களை ஒப்படைத்தார்கள், டிரம்ப் ஒளித்தார் என்ற வித்தியாசம் சிறியதல்ல. அதை மறைப்பது நேர்மையுமல்ல. ஆனால் மூவரில் ஒருவரும் சிறை வாசலை மிதிக்கவில்லை. தளபதி பெட்ரேயஸ், படை ரகசியங்கள் நிறைந்த 8 நோட்டுப் புத்தகங்களைத் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பெண்ணிடம் கொடுத்தவர். 2015-ல் அவருக்குக் கிடைத்தது ஒரு லட்சம் டாலர் அபராதமும் இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும்தான்.

2025 மார்ச்சில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஏமன் நாட்டின் மேல் எந்த நேரத்தில் குண்டு போடப் போகிறோம் என்பதை ராணுவ மந்திரி ஹெக்செத் டெலிபோன் செய்திக் குழுவில் எழுதினார். அந்தக் குழுவில் ஒரு பத்திரிகை ஆசிரியரும் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தார்! அது ரகசியமே அல்ல என்று சர்க்கார் சொல்லிவிட்டது. அவரைச் சேர்த்த ஆலோசகர் வால்ட்ஸ் ஐ.நா. சபைக்குத் தூதரானார். அதே ஆண்டு அக்டோபரில், டிரம்ப்பிடம் ஆலோசகராக இருந்து பகைத்துக்கொண்டு பிரிந்த ஜான் போல்ட்டன் மீது மட்டும் ரகசியங்களைப் பதுக்கினார், அனுப்பினார் என்று 18 குற்றச்சாட்டுகள் வந்தன. அவரும் மறுக்கிறார். போல்ட்டன் யுத்த வெறியர். அவருக்காக நாம் கண்ணீர் விடப் போவதில்லை. ஆனால் எது ரகசியம், எவர் குற்றவாளி என்பதை நாற்காலியில் இருப்பவர்களே தீர்மானிக்கிறார்கள் என்பதை இங்கே பார்க்கிறோம்.

டிரம்ப் மீதும் போல்ட்டன் மீதும் பாய்ந்த சட்டம் 1917-ம் ஆண்டு உளவுத் தடைச் சட்டம். முதல் உலக யுத்தத்தில் அமெரிக்கா இறங்கியபோது போட்டது. அது முதலில் யார் மேல் பாய்ந்தது தெரியுமா? ரயில்வேத் தொழிலாளர் தலைவர் யூஜின் டெப்ஸ் போன்றவர்கள் மேல். அவர் கையில் எந்த ரகசியக் காகிதமும் இல்லை. 1918 ஜூனில் ஓஹையோவில் காண்டன் நகரில், யுத்தத்தை எதிர்த்துத் தொழிலாளர்களிடம் பேசினார், அவ்வளவுதான். 10 ஆண்டு சிறை! கைதியாக இருந்துகொண்டே 1920-ல் ஜனாதிபதி தேர்தலுக்கு நின்று 9 லட்சத்திற்கு மேல் ஓட்டு வாங்கினார். 1921 டிசம்பரில்தான் விடுதலை.

இதெல்லாம் தூர தேசத்துச் சமாச்சாரம், நமக்கென்ன என்று வயலில் நிற்கும் தோழர் கேட்கலாம். நம் நாட்டிலும் வெள்ளைக்காரன் 1923-ல் போட்ட அரசாங்க ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1990-களில் ராஜஸ்தானில் சர்க்கார் நிவாரண வேலை செய்த கிராமத்துக் கூலியாட்கள், தங்கள் பெயரில் எத்தனை நாள், எவ்வளவு கூலி எழுதியிருக்கிறீர்கள், மஸ்டர் ரோலைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். அது ரகசியம் என்று அதிகாரிகள் இந்தச் சட்டத்தைக் காட்டினார்கள். உழைத்தவன் கூலிக் கணக்கு உழைத்தவனுக்கே ரகசியம்! மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற சங்கத்தில் திரண்டு அவர்கள் வருஷக்கணக்கில் போராடிய பிறகே 2005-ல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது.

டிரம்ப் வழக்கு என்ன ஆயிற்று என்றால், அவரே 2020-ல் நியமித்த நீதிபதி எய்லீன் கேனன், வழக்கு நடத்திய ஜாக் ஸ்மித்தின் நியமனம் செல்லாது என்று 2024 ஜூலை 15-ல் அதைத் தள்ளுபடி செய்தார். குற்றம் செய்தாரா இல்லையா என்பதை எந்த ஜூரியும் விசாரிக்கவில்லை. நவம்பரில் டிரம்ப் தேர்தலில் ஜெயித்ததும் அவர் மீதான அப்பீலைச் சர்க்கார் கைவிட்டது. ஸ்மித் எழுதிய அறிக்கையில் இந்த வழக்கைப் பற்றிய பாகத்தை வெளியிடக் கூடாதென்று 2025 ஜனவரியில் அதே நீதிபதி தடை போட்டார். அடுத்த மாதம் எஃப்.பி.ஐ. கைப்பற்றிய பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக வெள்ளை மாளிகை அறிவித்தது.