ஒட்டுப் போட்ட தண்டை நம்பி ஏறுவதா?

சுங்கை வேயில் உள்ள ஒரு பட்டறையிலிருந்து நம் தோட்டத்து ஆபீசுக்கு ஒரு பில் வந்தது. "ஸ்டியரிங் தண்டு நீட்டிய வகைக்கு" என்று எழுதியிருந்தது. கணக்குப் பார்த்து அனுப்பியது கிராணியாகிய நாமேதான். ஆகவே, பிறரைக் குறை சொல்லும்போது நம் கையெழுத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

மேட்டுக்காட்டுச் சேற்றில் அடி தட்டுகிறதென்று லோரியை உயர்த்தினார்கள். சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை கொடுத்து, பெரிய டயர் மாட்டினார்கள். பாடியோடு ஸ்டியரிங்கும் மேலே போயிற்று. சேஸிஸில் பூட்டிய ஸ்டியரிங் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. இடையிலுள்ள தண்டு எட்டவில்லை. பட்டறைக்காரர் அதை நடுவில் அறுத்து, துண்டுக் குழாய் ஒன்றை வைத்துப் பற்றவைத்து, கறுப்புச் சாயம் பூசிக் கொடுத்துவிட்டார்.

சாயம் நம் கண்ணை மறைத்தது. டிரைவரின் கையை மறைக்கவில்லை. வளைவில் ஓரிடத்தில் இறுகுகிறது, மறு இடத்தில் தளர்கிறது என்றார். "ஓடுகிறதே, பிறகென்ன?" என்றது மேலிடம். ஓடுவதா இங்கே கேள்வி? திரும்புகிறதா என்பதன்றோ கேள்வி!

ஞாயிறன்று கழற்றிப் பார்த்தோம். பற்றவைத்த ஓரத்தில் மயிரிழை போல் விரிசல். இரு முனை மூட்டுகளும் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டியவை. பற்றவைத்தபோது திருகிப் போயிருந்தன. இறுகித் தளர்ந்ததன் காரணம் அதுவே. இன்னொன்று, அசல் தண்டு ஒன்றினுள் ஒன்று நழுவும் இரு பாகம் கொண்டது. குண்டுகுழியில் பாடி அசையும்போது நீண்டு சுருங்கும். மோதினால் உள்வாங்கி டிரைவரின் மார்பைக் காக்கும். மோதலில் உள்வாங்கும் தண்டை ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1967-ஆம் ஆண்டு மாடல் கார்களிலேயே பொருத்திவிட்டது. நம் பட்டறையோ அந்த நழுவலை அடைத்து, தண்டை ஈட்டியாக்கி வைத்திருந்தது.

ஒட்டின்மேல் பட்டை வைத்து இன்னொரு ஒட்டுப் போடலாம் என்றார் ஒருவர். கிழிந்த வேட்டியா இது? கட்டையைக் கழற்றி, லோரியைப் பழைய உயரத்துக்கு இறக்கி, கம்பெனித் தண்டையே மாட்டுங்கள். உயரம் வேண்டுமென்றால், சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி பெற்று, அந்த நீளத்துக்கென்றே செய்த நழுவும் முழுத் தண்டைப் போடுங்கள். போல்ட் தண்டின் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். நட் தானே தளராத வகையாக இருக்க வேண்டும். முன் சக்கரங்களைத் தூக்கி, இரு பக்கமும் கோடிவரை திருப்பி, எங்கும் பிடிக்கவில்லை என்று கண்ட பிறகே ஓட்டம். நாம் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்.

மிகையாகப் பேசுகிறோமா? 13-5-2025 அன்று தெலுக் இந்தானில், சித்ரா பௌர்ணமி விழாக் காவலை முடித்துத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர், கல் ஏற்றிய லோரி மோதி மாண்டனர். அந்த லோரியின் ஸ்டியரிங் பழுதானதையும், அளவுக்கு மீறிய பாரத்தையும் விசாரணைக் குழு எடுத்துக் காட்டியது. நமது விழாவுக்குக் காவல் நின்றவர்கள் அவர்கள்.

மறுநாள் பெரட்டில் ஒருவரும் லோரியில் ஏறவில்லை. (ஆட்களைப் பின்தட்டில் ஏற்றுவது சரியா என்பது வேறு வழக்கு; அதையும் விடப்போவதில்லை.) கூலி பிடிப்போம் என்றனர். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 1-6-2024 முதல் அமலில் இருக்கிறது. உடனடி ஆபத்து உண்டென்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அவ்விடத்தைவிட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. 26ஏ பிரிவை மேசையில் விரித்து வைத்தோம். கூலி பிடிக்கப்படவில்லை.

லோரி இப்போது கொட்டகையில் நிற்கிறது; இறக்குவதா, புதுத் தண்டா என்று மேலிடம் இன்னும் விலை கேட்டுக்கொண்டிருக்கிறது. அறுத்து ஒட்டிய தண்டு நம் மேசையடியில் இருக்கிறது. பட்டறைக்காரர் கேட்டனுப்பினார். கொடுக்கவில்லை.