குவாய் பாலத்தில் பனியன் வியாபாரம்! செத்த கூலிகளின் கணக்கு எங்கே?

தாய்லாந்துக்கு உல்லாசப் பிரயாணம் போகிறவர்களைத் தவறாமல் அழைத்துப்போய்க் காட்டுகிற ஊர் காஞ்சனபுரி. அங்கேதான் "குவாய் நதிப் பாலம்" இருக்கிறது. பாலத்துக்கு முன்னால் வரிசையாகக் கடைகள். பாலம் அச்சடித்த பனியன், பொம்மை ரயில், சாவிக்கொத்து எல்லாம் கிடைக்கும். பாலத்தின்மேல் நின்று படம் பிடித்துக்கொள்ளலாம். நவம்பர் மாதக் கடைசியில் ஒளியும் ஒலியுமாகக் குண்டுவீச்சு நாடகம் நடக்கும். வாணவேடிக்கை உண்டு. டிக்கட் வாங்கி, நாற்காலியில் சாய்ந்து, செத்தவர்களின் கதையை ரசிக்கலாம்!

பனியன் விற்கிற அம்மாள்மீது நமக்குக் கோபமில்லை. நாலு காசு லாபத்துக்கு வெயிலில் நிற்கிற உழைப்பாளி அவள். நமது வழக்கு வேறு.

அந்த ஆற்றின் பெயரே ஜோடனை. பாலம் நின்றது மேகுலோங் நதியின்மீது. 1957ல் டேவிட் லீன் "தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்" என்ற படத்தை எடுத்தார். சயாமில் அல்ல, இலங்கையில் கித்துல்கலையில் எடுத்தார். படம் பார்த்தவர்கள் குவாய் பாலத்தைத் தேடிக்கொண்டு சயாமுக்கு வந்தார்கள். பார்த்தார்கள் அதிகாரிகள். 1960 வாக்கில் ஆற்றின் அந்தப் பகுதிக்குக் "குவாய் யாய்" என்று பெயர் சூட்டிவிட்டார்கள்! சினிமாவுக்காக ஆற்றையே திருத்திய கெட்டிக்காரர்கள்.

ஆற்றைத் திருத்தியது போகட்டும். ஆட்களையும் அல்லவா திருத்திவிட்டார்கள்! படத்திலே பாலம் கட்டுகிறவர்கள் பிரிட்டிஷ் சிப்பாய்கள். உண்மை என்ன? 1942லும் 1943லும் ஜப்பானிய ராணுவம் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் பாதையில் உழைத்த போர்க் கைதிகள் சுமார் 60,000 பேர். அவர்களில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆனால் ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் பேர் வரை. தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர்! மாண்டவர்கள் 90,000 பேர் இருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாமாம்! சிப்பாய்க்கு நம்பர் உண்டு, பதிவேடு உண்டு. கூலிக்கு எவன் வைத்தான் பதிவேடு?

மலாயா ரப்பர்த் தோட்டத்துக்கு நம் ஜனங்களைக் கங்காணியை விட்டுக் கப்பலேற்றியவன் வெள்ளை முதலாளி. ஜப்பான்காரன் வந்ததும் துரைமார்கள் ஓடினார்கள். தொழிலாளியைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு ஓடினார்கள். வேலையில்லை, அரிசியில்லை. நாளுக்கு ஒரு வெள்ளி தருவதாக ஜப்பான்காரன் ஆசை காட்டினான். மசியாதவர்களைப் பிடித்து வண்டியில் ஏற்றினான். 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது, அந்தக் கூலி முகாம்களில் வைத்தியன் ஏது, மருந்து ஏது? தோட்டத்து ஜனங்கள் "சயாம் மரண ரயில்" என்று சொல்வது சும்மா அல்ல.

காஞ்சனபுரியில் யுத்த மயானம் இருக்கிறது. வெட்டிய புல்தரை. ஏறக்குறைய 7,000 பேருக்குச் சமாதி. வேண்டியதுதான், செத்த சிப்பாயும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். ஆனால் அந்த வரிசையில் ஒரு முனியாண்டியைக் காட்டுங்கள் பார்க்கலாம்! 1977ல் திறந்த "ஜீத்" மியூசியத்தின் பெயர் தேசங்களின் முதல் எழுத்துக்களைக் கோத்தது. ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து எல்லாம் அதில் உண்டு. மலாயாவும் பர்மாவும் ஜாவாவும் ஓர் எழுத்துக்குக்கூட லாயக்கில்லை!

நஷ்டஈடு கதை இன்னும் மோசம். 1951ல் சான்பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தின் 16வது ஷரத்து போர்க் கைதிகளுக்குப் பணம் ஒதுக்கியது. தோட்டத் தொழிலாளி போர்க் கைதி அல்லவே! ஆகவே அதில் அவனுக்குக் காலணா கிடையாது. குண்டுவீச்சில் உடைந்த பாலத்தின் நடுப்பகுதிக்கு மட்டும் ஜப்பான் நஷ்டஈடாகப் புது இரும்பு கொடுத்தது. இன்றைக்கும் வளைவில்லாமல் சதுரமாக நிற்கும் இரண்டு கண்கள் அவைதான். இரும்புக்கு ஈடு கிடைத்தது. எலும்புக்கு?

பாங்காக், பட்டாயா என்று பாக்கேஜில் போகும் நம்மூர்க்காரர்களும் இந்தப் பாலத்தில் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். வழிகாட்டி அவர்களுக்குச் சினிமாக் கதையைச் சொல்லி அனுப்புகிறான். பாலத்து வாசலில் தமிழிலும் மலாயிலும் பர்மிய மொழியிலும் உண்மையை எழுதி வைக்கட்டும். ரப்பர்க் கம்பெனிகளின் வாரிசுகள் தங்கள் பழைய செக்ரோல் புத்தகங்களை வெளியே எடுக்கட்டும். 1941ல் பேர் இருந்து 1946ல் இல்லாதவர்கள் யார் யார் என்று தோட்டம் தோட்டமாக வாசிக்கட்டும்.