தோட்டத்துக் கதையைத் தொலைத்தவர்கள் நாம்

மலேசியாவின் செனாவாங் வட்டாரத்தில் எம்.ஜி.ஆர். படத்துக்கு நாம் மாலை போட்டோம், அவர் பாட்டைக் கல்யாண வீடுகளில் அலறவிட்டோம். அவர் முதன்முதலில் நடித்த படம் எங்கே போனது என்று மட்டும் கேட்கவில்லை.

1936இல் வந்த ‘சதி லீலாவதி’ அது. எஸ்.எஸ்.வாசனின் கதை, இயக்கியவர் தமிழ் தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர்.டங்கன். தமிழ்ப் படம் பேசத் தொடங்கி ஐந்தே ஆண்டு ஆகியிருந்தது. திரை முழுக்கப் புராணமாக இருந்த அந்தக் காலத்தில் இது ஒரு குற்றக் கதை. குடிவெறியில் நண்பனைச் சுட்டுக் கொன்றுவிட்டதாக நம்பும் நாயகன் (எம்.கே.ராதா) இலங்கைக்கு ஓடி, தேயிலைத் தோட்டத்தில் கூலியாகச் சேர்கிறான். எம்.ஜி.ஆருக்குச் சின்ன இன்ஸ்பெக்டர் வேடம். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, நின்ற நம் தாத்தா பாட்டிமாரின் பிழைப்பைத் தமிழ்த் திரை அவ்வளவு முன்பே தொட்டிருக்கிறது! இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை.

மற்றவர்கள் எப்படிக் காப்பாற்றினார்கள் என்று பாருங்கள். 1929இல் இங்கிலாந்தில் ஹிட்ச்காக் எடுத்த ‘பிளாக்மெயில்’ ஊமைப் படமாகத் தொடங்கி நடுவில் பேசும் படமானது. நாயகி ஆனி ஓண்ட்ராவின் ஆங்கில உச்சரிப்பு ஒத்துவராததால், அவர் வாயசைக்க, கேமராவுக்கு அப்பால் நின்று ஜோன் பாரி வசனம் பேசினார். கொலை செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணின் காதில், பக்கத்து வீட்டுக்காரியின் வளவளப்பிலிருந்து ‘கத்தி’ என்ற சொல் மட்டும் தெளிவாக விழும் காட்சியை இன்றும் கேட்கலாம். பேசும் வடிவம், பேசாத வடிவம் இரண்டையுமே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

நமக்குச் சாக்கு உண்டு. அந்தக் காலத்து நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பிடிக்கும், வெப்பத்தில் சிதையும். புனே திரைப்படக் காப்பகம் வந்ததே 1964இல்தான். எல்லாம் உண்மை. ஆனால் இதைச் சொல்லியே நாம் தப்பித்துக்கொள்கிறோம். சுருள் நம் கையில் இல்லை; பாட்டுப் புத்தகமும் இசைத்தட்டும் பட நோட்டீசும் நம் தகரப் பெட்டிகளில்தானே இருந்தன? ரப்பர் தோட்டம் போய்த் தொழிற்பேட்டையும் தாமான் என்னும் வீடமைப்புக் குடியிருப்பும் வந்தபோது, லயத்தைக் காலி செய்த நாம் சாமி படத்தையும் ரேடியோவையும் லோரியில் ஏற்றினோம். புத்தகங்களைக் குப்பையோடு கொளுத்தினோம். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய கதையைத் தாத்தா எடுத்தால் பாதியில் எழுந்து போனோம். எந்தப் படம், எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று ஒரு கோயில் மலரில்கூட நாம் எழுதிவைக்கவில்லை.

1936இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவரிடம் கேட்கும் காலம் கடந்துவிட்டது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் திடலில் பாய் விரித்துப் படம் பார்த்தவர்கள் இன்னும் இந்தத் தாமான்களில் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியே போதும். அதைக்கூட நாம் இன்னும் எடுக்கவில்லை.