வீரபத்திரன் காட்டில் ஊர்க்காரர்கள் எங்கே?

தேர்வாய் கண்டிகை சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் ஓர் அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்கி ஒப்பந்த வேலை பார்க்கும் தம்பிகளில் பெரும்பாலோர் 'கேப்டன் பிரபாகரன்' வெளிவந்த 1991இல் பிறந்திருக்கவே மாட்டார்கள். ஆனாலும் 2025 ஆகஸ்டில் அந்தப் படம் மெருகேற்றப்பட்டு மறுபடி திரைக்கு வந்தபோது விசிலடித்தவர்களில் அவர்களும் உண்டு. ஷிப்ட் முடிந்து வந்ததும் மன்சூர் அலிகான் வரும் துண்டுக் காட்சிகளைச் செல்பேசியில் ஓடவிடுகிறார்கள். எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். இளையராஜாவின் பின்னணி இசைக்காகவும் ஸ்வர்ணலதாவின் குரலுக்காகவும் இன்னொரு முறையும் பார்ப்பேன். ஆகவே இதைப் படத்தைத் திட்டும் கட்டுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விஜயகாந்தின் நூறாவது படம் அது. இயக்கியவர் ஆர்.கே. செல்வமணி. வீரப்பன் காட்டுக்குள் உயிரோடு திரிந்த காலத்திலேயே வீரபத்திரன் என்ற பெயரில் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். கடத்தல்காரனுக்குப் பின்னால் அதிகாரிகள் இருக்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொன்ன துணிச்சலையும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் காட்டில் ஆள் என்று இருப்பது இரண்டே பேர்தான். ஒருவன் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கிறான், இன்னொருவன் துப்பாக்கியோடு தேடி வருகிறான். அங்கே பிறந்து, விறகு பொறுக்கி, மாடு மேய்த்து வாழ்கிறவர்கள் பயந்து ஓடவும் துப்புச் சொல்லவும் செத்துக் கிடக்கவும் மட்டுமே வருகிறார்கள்.

படம் வந்த அடுத்த ஆண்டு, 1992 ஜூன் 20 அன்று, தருமபுரி மாவட்டம் வாச்சாத்திக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து நுழைந்தன. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்றார்கள். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர் அது. வீடுகளை உடைத்தார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். ஊரையே சிறைக்கு அனுப்பினார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். மீதி 215 பேரில் வனத்துறையினர் 126, காவல்துறையினர் 84, வருவாய்த்துறையினர் 5.

இந்தக் கணக்கைப் படத்தோடு வைத்துப் பாருங்கள். படத்தில் சில உயரதிகாரிகள் அழுகிப்போனவர்கள், அவர்களைக் களைய ஒரு நேர்மையான அதிகாரி போதும். வாச்சாத்தியில் மூன்று துறைகள் ஒரே வண்டியில் வந்தன.

ஒரு சினிமாதான் வாச்சாத்தியை நடத்தியது என்று சொல்வது அபத்தம். சாதியும் அதிகாரமும் அதற்கு முன்பே போதுமான பயிற்சி கொடுத்திருந்தன. அந்த மக்கள் சொன்னதை நாடு இத்தனை ஆண்டுகள் நம்பாமல் இருந்ததே, அந்தக் காதடைப்பில்தான் சினிமாவுக்குப் பங்கு உண்டு. வீரப்பன் வேட்டையில் அதிரடிப்படை செய்த சித்திரவதைகளை சதாசிவா குழு விசாரித்து, 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு இழப்பீடு தரச் சொன்னது. அந்த 89 பேரை நாயகர்களாக்கி யாராவது நூறாவது படம் எடுத்தார்களா? 'வனயுத்தம்' வந்தது, நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்தது. 'சந்தனக்காடு' தொடரில் வேட்டையாடப்பட்டவரே நாயகர் ஆனார். இன்று அவர் உருவம் சாதிப் பெருமைக்கான சுவரொட்டிகளிலும் நிற்கிறது. நாயகனும் வில்லனும் இடம் மாறினார்கள், அவ்வளவுதான்.

பிறகு நம் பக்கம் நின்று பேசும் படங்களும் வந்தன. 'ஜெய் பீம்' 2021இல், 'விடுதலை' 2023இல். இரண்டையும் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியவைதான். ஆனாலும் ஒன்றில் கதையை நகர்த்துவது வழக்கறிஞர், மற்றதில் மனசாட்சி உறுத்தும் ஒரு காவலர். அடி வாங்கியவர்கள் கதையைத் தாங்களே நடத்திச் செல்லும் படம் இன்னும் பாக்கி இருக்கிறது.

சரி, தேர்வாய் கண்டிகைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இங்கே வீரப்பனும் இல்லை, சந்தன மரமும் இல்லை. இருந்தது காடும் மேய்ச்சல் நிலமுமாக சுமார் 1,127 ஏக்கர். பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர். மாடும் ஆடும் அங்கே மேய்ந்தன, விறகும் மூலிகையும் அங்கிருந்து வந்தன, ஏரிகளுக்கு ஓடிவரும் மழைநீரும் அதன் வழியாகத்தான் வந்தது. அரசு அதை சிப்காட்டுக்குக் கொடுத்தது. 2009இல் மிஷெலின் டயர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. மரங்கள் வெட்டப்படுவதை மறித்தவர்கள் கைதானார்கள், வழக்குகளும் பாய்ந்தன. 2012இல் ஊர்ச் சங்கமும் தமிழ்நாடு நில உரிமைக் கூட்டமைப்பும் பிரெஞ்சு அமைப்புகளோடு சேர்ந்து பிரான்சில் உள்ள ஓஇசிடி தொடர்பு மையம் வரை புகார் கொண்டுபோனார்கள். ஒரு ஊர்ச் சங்கம் பாரிஸ் வரை போனது எந்தத் திரைக்கதைக்கும் குறைந்த சாகசம் அல்ல.

ஆனால் அது நம் நினைவில் படமாகப் பதியவில்லை. காட்டை அழிக்கிறவன் மீசை வைத்த கடத்தல்காரன், காக்கிறவன் சீருடைக்காரன் என்றே நம் கண் பழகியிருக்கிறது. இங்கே மரத்தைக் காத்தவர்கள் மீது முதல் தகவல் அறிக்கை, மரத்தை வெட்டியதற்கு அரசாணை. இந்தக் காட்சியை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்று நமக்கு யாரும் காட்டித் தரவில்லை. பட்டியல் சாதி மக்கள் பொதுநிலத்தில் நின்றாலே 'ஆக்கிரமிப்பாளர்' என்ற சொல் தயாராக வந்து விழுகிறது.

வாச்சாத்தி மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. உயரதிகாரிகள் வரை கை நீள வேண்டும் என்று படம் 1991இல் ஆசைப்பட்டது. நீதிமன்றம் அதைச் சொல்ல வாச்சாத்திக்கு 31 ஆண்டுகள் ஆனது. அந்த ஆண்டுகளில் கூண்டில் ஏறி, தங்களைச் சிதைத்தவர்களை விரல் நீட்டி அடையாளம் காட்டிய பெண்களை எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்த விடுமுறையில் தம்பிகள் கண்டிகைக்குள் கொஞ்சம் நடந்து போகலாம். சிப்காட் வேலிக்கு முன்னால் மாடு எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்பியது என்று அங்குள்ள அம்மாக்களிடம் கேட்கலாம். செல்பேசியில் எடுத்தும் வைக்கலாம்.