சிறுகக் கட்டிப் பெருக வாழ்வோம்



"சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்பது நம் முன்னோர் மொழி. வீடு கட்டுவார்க்குச் சொல்லப்பட்ட இவ்வறிவுரை, இன்று நம் தோட்டத்துப் பிள்ளைகள் கணினித் திரையில் கட்டி மகிழும் கட்டடங்களுக்கும் பொருந்தும் என்பதே யான் ஈண்டுக் கூற விழையும் கருத்தாகும்.

மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டைக் கேள்விப்படாத பிள்ளைகள் இன்று மிகச் சிலரே. சுவீடன் நாட்டில் உருவாகி, 2011-ஆம் ஆண்டு முழு வடிவில் வெளிவந்த இவ்விளையாட்டில், கல், மண், மரம் முதலிய கட்டைகளை அடுக்கி வீடும் கோட்டையும் எழுப்பலாம். "விளையாட்டு வினையாகிறது, பிள்ளை பாடத்தை மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறான்" என்று பெற்றோர் பலர் முறையிடுகின்றனர். அம்முறையீட்டில் நியாயம் உண்டு. இரவு நெடுநேரம் கண்விழித்து, இலக்கின்றி அடுக்குவதும் இடிப்பதும் கண்ணுக்கும் கேடு, கல்விக்கும் கேடு. ஆயினும், பதரைத் தூற்றுங்கால் நெல்லையும் சேர்த்து எறிந்துவிடலாகாது. அவ்விளையாட்டினுள் ஒரு நெல்மணி உண்டு. அதுவே தருக்கச் சுற்று.

அவ்விளையாட்டில் 'ரெட்ஸ்டோன்' எனப்படும் செந்நிறத் தூள் ஒன்று உள்ளது. அதனைத் தரையில் கோடாக இட்டால், மின்கம்பியைப் போல் விசையைக் கொண்டு செல்லும். ஒரு முனையில் நெம்புகோலை இழுத்தால் மறுமுனையில் கதவு திறக்கும், விளக்கு எரியும். அத்தூளால் செய்த பந்தம் ஒன்றும் உண்டு. அதன் இயல்பு விந்தையானது. தான் பொருத்தப்பட்ட கட்டைக்கு விசை வராதபோது அது எரியும். விசை வந்தால் அணைந்துவிடும். 'ஆம்' என்றால் 'இல்லை' என்னும். 'இல்லை' என்றால் 'ஆம்' என்னும். இலக்கண வகுப்பில் நாம் எதிர்மறை என்று கற்பிப்பது இதனையே. இரு தூட்கோடுகள் ஒன்றாகக் கலந்தால், இதிலிருந்தோ அதிலிருந்தோ விசை வரும்; அஃது 'அல்லது' ஆகும். இவ்வாறு விசையை ஆராய்ந்து விடும் அமைப்புகளைத் தருக்க வாயில்கள் என்பர்.

எஞ்சி நிற்பது 'உம்'. "அண்ணனும் தம்பியும் வந்தால்தான் கதவு திறக்கும்" என்னும்போது வரும் எண்ணும்மை அது. பிள்ளை இதனைச் சிந்தித்தே அமைத்தல் வேண்டும். 'அண்ணன் வரவில்லை அல்லது தம்பி வரவில்லை' என்பது பொய்யானால், இருவரும் வந்துள்ளனர் என்பதுதானே பொருள்? அதனை அப்படியே கட்டிவிடலாம். மூன்று கட்டைகளை ஒரு வரிசையில் வைக்க வேண்டும். இரண்டு ஓரக் கட்டைகளின் மேல் ஒவ்வொரு பந்தம். நடுக்கட்டையின் மேல் ஒரு சிட்டிகைத் தூள். நடுக்கட்டையின் முன்பக்கத்தில் மூன்றாம் பந்தம். ஓரக் கட்டைகள் இரண்டுக்கும் பின்னாலிருந்து விசை வந்தால் மட்டுமே மூன்றாம் பந்தம் எரியும். 'உம்' என்னும் வாயில் அவ்வளவே.

இவ்விதி கணித அறிஞர் அகஸ்டஸ் டி மார்கன் பெயரால் வழங்குகின்றது. அவர் 1806-ஆம் ஆண்டு பிறந்த ஊர் மதுரை என்பது நம் பிள்ளைகள் அறிந்து மகிழத்தக்க செய்தி. கைக்குழந்தையாக இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர், பின்னாளில் இலண்டனில் கணிதப் பேராசிரியரானார். அவர் காலத்தவரான ஜார்ஜ் பூல், 'ஆம்', 'இல்லை' என்பவற்றைக் கணக்காக்கி 1854-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். 1937-இல் கிளாட் ஷானன் என்னும் அமெரிக்க மாணவர், அக்கணக்கை மின்சுற்றுகளைக் கொண்டு செய்யலாம் எனத் தம் ஆய்வேட்டில் நிறுவினார். இன்றைய கணினிகள் அவ்வழி வந்தவையே.

"திரையில் இடத்துக்குப் பஞ்சமில்லையே, ஏன் சிறுகக் கட்ட வேண்டும்?" என மாணவர் வினவலாம். தூளில் செல்லும் விசை 15 கட்டைத் தொலைவுக்குள் மடிந்துவிடும். அதற்கு மேலும் செலுத்த, இடையில் 'ரிப்பீட்டர்' என்னும் கருவியை வைத்தல் வேண்டும். அஃது ஒவ்வொன்றும் குறைந்தது 0.1 வினாடி தாமதத்தைத் தரும். பந்தமும் அவ்வாறே. பரப்பிக் கட்டிய கூட்டற்பொறி விடை கூறத் தயங்கும். பழுது நேர்ந்தால் எங்கே நேர்ந்தது என்று தேடுவதற்கும் பொழுது போதாது. சிறுகக் கட்டியதோ விரைந்து இயங்கும். ஒரே பார்வையில் விளங்கும்.

இது தோட்டத்து மக்களுக்குப் புதிய பாடமன்று. பால்மரம் சீவும் கை இதனை நன்கறியும். தடிப்பாகச் சீவினால் பட்டை விரைவில் தீரும். ஆழச் சீவினால் மரம் புண்படும். குறைந்த பட்டையில் நிறைந்த பால் எடுப்பதே கைத்திறன். ஏழே சீரில் உலகை அடக்கிய வள்ளுவரைப் போற்றும் இனத்துக்குச் சுருக்கத்தின் அருமையை யார் சொல்லித் தரல் வேண்டும்?

1971-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட முதல் நுண்செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. மறு ஆண்டே அந்நிறுவனம் பினாங்கில் தொழிற்சாலை திறந்தது. இன்றைய சில்லுகளில் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் அடங்குகின்றன. நம் ஜொகூர் மாநிலத்திலோ, கூலாயில் முன்பு தோட்டமாக இருந்த நிலத்திலேயே தரவு மையங்கள் எழுந்துள்ளன. நம்மவர் வியர்வை சிந்திய மண் அது. அம்மையங்களில் நம் பிள்ளைகள் வாயிற்காவலராக மட்டும் நிற்கப் போகின்றனரா? அன்றி, உள்ளே உள்ள பொறிகளின் வாயில்களை அறிந்தவராய்த் தலைநிமிர்ந்து நுழையப் போகின்றனரா? இதுவே நம் முன் நிற்கும் வினா.

ஆதலின் பெற்றோர்க்கு என் வேண்டுகோள் இது. விளையாட்டை அடியோடு தடுக்கவும் வேண்டா. கட்டின்றி விடவும் வேண்டா. வாரம் ஒரு நாள், அரைமணி நேரம் ஒதுக்குங்கள். "என்ன கட்டினாய்? எவ்வாறு இயங்குகிறது?" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணினி தெரிய வேண்டுவதில்லை. பிள்ளைக்கு விளக்கத் தெரிகிறதா என்று பார்த்தாலே போதும். பிறர் கட்டியதைக் காணொளியில் பார்த்து அப்படியே கட்டும் பிள்ளை, கையெழுத்தைப் பார்த்தெழுதும் பிள்ளையைப் போன்றதே. பிறர் கட்டியதிலிருந்து ஒரு கட்டையேனும் குறைத்து இயங்கச் செய்பவனே கற்றவன்.

பள்ளிகளும் வாளா இருத்தலாகாது. 2017 முதல் நம் நாட்டுக் கலைத்திட்டத்தில் கணினிச் சிந்தனைக்கு இடமளிக்கப்பட்டுள்ளது. கணினி இல்லாத இல்லத்துப் பிள்ளையும் இதனைக் கற்கலாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டே முதற் கருவி. திடலில் மூன்று மாணவரைப் பந்தங்களாக நிறுத்தி, ஓரத்து இருவரும் கையைத் தாழ்த்தினால்தான் நடுவில் நிற்பவர் கையை உயர்த்த வேண்டும் என்று விளையாடச் செய்தால், 'உம்' வாயில் கண்முன் நிற்கும். அதற்குக் காசு வேண்டா. ஆணென்றும் பெண்ணென்றும் வேறுபாடும் வேண்டா.

மாணவச் செல்வங்களே! கோட்டை கட்டுவது எளிது. மூன்று கட்டையில் ஓர் எண்ணத்தைக் கட்டுவதே அரிது. அவ்வரிய செயலை இன்றே நோட்டில் தொடங்குங்கள். சிறுகக் கட்டுங்கள், பெருக வாழ்வீர்கள்.

— தலைமையாசிரியர்